பார லாரிகளில் மின்சாரச் சாதனங்களைப் பெருக்குதலும், அதற்கேற்ப ஆல்டர்னேட்டரையும் ஒயர்களையும் விருத்தி செய்தலும்

தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்துள்ள கரிசல் பூமியில் விளையும் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவையும், தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வாழையும் வெற்றிலையும் இக்காலத்தில் பெரும்பாலும் லாரிகளிலேயே சந்தைக்குச் செல்லுகின்றன. மாட்டு வண்டியின் அச்சையும் ஆரத்தையும் சோதித்துப் பார்ப்பதில் குடியானவருக்கு இருந்த தேர்ச்சி, லாரியின் மின்சார அமைப்பைச் சோதிப்பதில் இன்னும் உண்டாகவில்லை. டயரையும் எண்ணெயையும் தவறாமல் கவனிக்கும் முதலாளிகள்கூட, ஒயர்களை எலக்ட்ரீஷியன் பொறுப்பில் விட்டுவிட்டு, பழுது நேர்ந்த பின்னரே விசாரிக்கின்றனர்.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அந்த வெற்றிலைக் கட்டுக்களை ஏற்றிய லாரி நடு இரவில் பாட்டரி இறங்கி நின்றுவிடுமானால், மறுநாள் சந்தையில் கிடைப்பது வாடிய சரக்கின் விலையே. பருத்திப் பொதியோ வைக்கோலோ ஏற்றிய லாரியில் ஒயர் சூடேறித் தீப்பற்றுமானால், சரக்கு, வண்டி, ஆள் ஆகிய மூன்றுக்கும் ஆபத்து நேரும். இவ்விரு கேடுகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம் உண்டு. வண்டி தயாரிக்கப்பட்டபோது கணக்கிடப்பட்ட மின்சாரத்திற்கு மேல், பின்னால் ஒவ்வொன்றாகச் சாதனங்களைச் சேர்த்து, உற்பத்தியையும் ஒயரையும் பழைய அளவிலேயே விட்டுவிடுவதுதான் அது.

ஆல்டர்னேட்டர் வேலை செய்யும் விதம்

முற்காலத்து மோட்டார் வண்டிகளில் டைனமோ இருந்தது. அதில் சுழலும் பாகத்திலேயே மின்சாரம் உண்டாகி, கார்பன் துண்டுகளின் வழியாக வெளியே வந்தது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் உற்பத்தி மிகக் குறைவு. சிலிக்கன் டயோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் ஆல்டர்னேட்டர் பரவிற்று. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 1960-ஆம் வருஷத்து வண்டிகளில் இதனைப் பொருத்தியது. நம் மாகாணத்தில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். ஸ்தாபனம் சென்னையை அடுத்த பாடியில் இவ்வகை மோட்டார் மின்சாரச் சாமான்களை உற்பத்தி செய்து வருகிறது.

ஆல்டர்னேட்டரில் சுழல்வது மின்காந்தம். மின்சாரம் உண்டாவது அதனைச் சுற்றி அசையாமல் நிற்கும் சுருள்களில். அச்சுருள்களில் மாறி மாறி ஓடும் மின்சாரத்தை ஆறு டயோடுகள் ஒரே திசையில் செல்லுமாறு திருப்புகின்றன. ரெகுலேட்டர் என்னும் உறுப்பு, காந்தத்தின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் வோல்ட்டைச் சீராக வைத்திருக்கிறது. 24 வோல்ட் லாரியில் இஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 28 வோல்ட்டும், 12 வோல்ட் டிராக்டரில் ஏறக்குறைய 14 வோல்ட்டும் இருத்தல் முறை.

இங்கே ஒரு முக்கிய விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் மேல் 45 ஆம்பியர் என்று பொறித்திருந்தால், அது எந்நேரமும் 45 ஆம்பியர் தரும் என்று பொருளன்று. வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் அளவே அது. இஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது பல ஆல்டர்னேட்டர்கள் அதில் பாதியளவே கொடுக்கும். நெடுநேரம் ஓடிச் சூடேறிய நிலையிலும் உற்பத்தி குறையும். கால்வாயில் தலைமடைக்குக் கிடைக்கும் தண்ணீரைக் கணக்கிட்டுக் கடைமடையில் பயிர் வைப்பவர் ஏமாறுவது போலவே, பொறித்துள்ள அளவை நம்பிச் சாதனங்களைச் சேர்ப்பவரும் ஏமாறுவர்.

முதலில் வரவு செலவுக் கணக்கு

எச்சாதனத்தையும் சேர்ப்பதற்கு முன் காகிதத்தில் கணக்கு எழுதிப் பார்ப்பது அவசியம். வாட் அளவை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். உதாரணமாக, 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் 24 வோல்ட் அமைப்பும் உள்ள ஒரு லாரியின் இரவுநேரச் செலவை எடுத்துக்கொள்வோம்.

வண்டியோடு வந்தவை:
முன் விளக்குகள் இரண்டு: 150 வாட்
பின் விளக்குகள், பக்க விளக்குகள், டாஷ்போர்டு: 100 வாட்
மழைக்கால வைப்பர்: 100 வாட்
இஞ்சின் கட்டுப்பாட்டு உறுப்புகள்: 100 வாட்
ஆக 450 வாட்.

பின்னால் சேர்க்க விரும்புபவை:
டிரைவர் அறைக் குளிர்சாதனத்தின் விசிறிகள்: 400 வாட்
சரக்கு ஏற்றி இறக்க எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு: 100 வாட்
கைப்பேசி சார்ஜர், வானொலி முதலிய 12 வோல்ட் சாமான்கள்: 100 வாட்
பின்புறக் காமிராவும் திரையும்: 40 வாட்
எடை இயந்திரம், கைத்துளைக் கருவி முதலியவற்றிற்குச் சிறு இன்வெர்ட்டர்: 340 வாட்
ஆக 980 வாட்.

இரண்டும் சேர்ந்து 1,430 வாட். அதனை 28-ஆல் வகுக்க, ஏறக்குறைய 51 ஆம்பியர். செல்ஃப் போட்டபின் பாட்டரிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய 10 ஆம்பியரைச் சேர்த்தால் 61 ஆம்பியர். உஷ்ணத்தினாலும் வேகக் குறைவினாலும் நேரும் குறைவுக்காக நூற்றுக்கு 25 வீதம் கூட்டினால் 76 ஆம்பியர். ஆகவே இந்த வண்டிக்கு 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வேண்டும் என்பது தெளிவு.

பழைய ஆல்டர்னேட்டரையே வைத்துக்கொண்டால் என்ன நேரும்? துறைமுகத்திற்கு வெளியே நீண்ட வரிசையில் இரவில் நின்று நின்று நகரும்போது அது 25 ஆம்பியரே தருவதாக வைத்துக்கொள்வோம். செலவு 51, குறைவு 26 ஆம்பியர். இக்குறைவைப் பாட்டரியே ஈடுசெய்ய வேண்டும். 120 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அந்தப் பாதியாகிய 60 ஆம்பியர்-மணி, சற்றேறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் இஞ்சினை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி செல்ஃப் எடுப்பது நிச்சயமன்று. "புதுப் பாட்டரி ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று பாட்டரி வியாபாரியைக் குறைகூறுவோர் பலர். அநேக சந்தர்ப்பங்களில் குற்றம் பாட்டரியினுடையதன்று, கணக்கினுடையதே.

செலவைச் சுருக்குதல்

வரவைப் பெருக்குமுன் செலவைச் சுருக்குவது புத்திசாலித்தனம். பழைய இழை விளக்குகளுக்குப் பதிலாக, அனுமதிக்கப்பட்ட இடங்களில் தரமான எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினால் செலவு மிகக் குறையும். வண்டி நிற்கும்போது விளக்கோ விசிறியோ வேண்டுமானால், அதற்கெனத் தனிப் பாட்டரி ஒன்றை வைத்து, இஞ்சின் ஓடும்போது மாத்திரம் இரு பாட்டரித் தொகுதிகளையும் இணைக்கும் ரிலேயைப் பொருத்துவது நலம். அப்பொழுது தனிப் பாட்டரி தீர்ந்தாலும் செல்ஃபுக்குரிய பாட்டரி நிறைந்தே இருக்கும். விதைநெல்லைத் தனிக் குதிரில் வைப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆல்டர்னேட்டரை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட்டில் 2,240 வாட் தருகிறது. அதன் திறமை நூற்றுக்கு 60 என்று கொண்டால், இஞ்சினிடமிருந்து ஏறக்குறைய 5 குதிரைச்சக்தியை அது பெற்றுக்கொள்ளும். ஒரு ஜோடி உழவு மாடுகளின் உழைப்பு சுமார் ஒரு குதிரைச்சக்தி எனப்படுகிறது. ஆகவே ஐந்து ஜோடி மாடுகளின் இழுப்பை அச்சிறிய பெல்ட் தாங்க வேண்டியிருக்கிறது. பழைய, வெடிப்புக் கண்ட பெல்ட்டை அப்படியே மாட்டினால் அது வழுக்கிச் சூடேறி, உற்பத்தியும் குறைந்து, சீக்கிரம் அறுந்தும் போகும். புது ஆல்டர்னேட்டருடன் தகுந்த பெல்ட்டையும், அதன் இழுவையைச் சரிசெய்யும் உறுப்பையும் பரிசோதித்து மாற்ற வேண்டும். இந்தச் சக்தி டீசலிலிருந்தே வருகிறது என்பதையும் மறக்கலாகாது.

புல்லியின் அளவு, தாங்கும் காதுகளின் இடைவெளி, சுழலும் திசை, ரெகுலேட்டரின் வோல்ட் ஆகிய நான்கும் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். மெதுவான ஓட்டத்தில் அதிக மின்சாரம் பெறுவதற்காகச் சிறிய புல்லியைப் போடுவோர், இஞ்சின் வேகமாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதன் வரம்பைக் கடந்து சுழலுமா என்று தயாரிப்பாளரின் குறிப்பைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப்பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் இஞ்சினும் புகைச் சுத்திகரிப்பும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. அவ்வகை வண்டிகளில் கம்பெனிப் பணிமனையைக் கலந்துகொள்ளாமல் கை வைப்பது கூடாது. அக்கட்டுப்பாட்டு ஒயர்களைக் கீறி மின்சாரம் எடுப்பதும் கூடவே கூடாது.

இஞ்சின் ஓடும்போது பாட்டரியின் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது பழைய டைனமோக் காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால், அக்கணமே வோல்ட் மிகுந்து டயோடுகளும் மின்னணு உறுப்புகளும் கெட்டுப்போகும். வண்டியின் உடலில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

ஒயரின் பருமன்

உற்பத்தியைப் பெருக்கிவிட்டு ஒயரைப் பழையபடி விடுவது, கிணற்றில் பெரிய பம்பை வைத்துக் குறுகிய குழாயில் தண்ணீர் விடுவதற்கு ஒப்பாகும். அன்றியும் குறுகிய ஒயர் மின்சாரத்தை உஷ்ணமாக மாற்றிவிடும்.

செம்பு ஒயரில் வோல்ட் குறைவைக் கணக்கிடும் விதி எளிது. போகும் தூரத்தையும் திரும்பும் தூரத்தையும் மீட்டரில் கூட்டி, 0.0175-ஆல் பெருக்கி, ஒயரின் குறுக்களவாகிய சதுர மில்லிமீட்டரால் வகுத்து, ஆம்பியரால் பெருக்க வேண்டும். 10 மீட்டர் தூரத்தில், போக வர இரு ஒயர்களுடன் 200 வாட் விளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். 24 வோல்ட்டில் 8.3 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் குறைவு 1.2 வோல்ட், 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட் மாத்திரமே. 12 வோல்ட் டிராக்டரில் அதே விளக்குகளுக்கு ஆம்பியர் இரு மடங்காவதால், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 2.3 வோல்ட் குறையும். அதாவது 12-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இரவில் உழும் டிராக்டரின் சேர்ப்பு விளக்குகள் மங்கலாயிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் முதன்மை ஒயரே அதிமுக்கியமானது. 4 மீட்டர் நீளமுள்ள 10 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 80 ஆம்பியர் சென்றால் அரை வோல்ட்டுக்கு மேல் குறையும். 25 சதுர மில்லிமீட்டர் ஒயரில் கால் வோல்ட்டுக்கும் குறைவே. இஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பாட்டரிக்கும் செல்லும் எர்த்துக் கம்பிகளையும் இதே பருமனில் மாற்ற வேண்டும். பலர் போகும் வழியை அகலமாக்கித் திரும்பும் வழியை மறந்துவிடுகின்றனர்.

பியூஸும் ரிலேயும்

பியூஸ் ஒயரைக் காப்பதற்காக ஏற்பட்டது. எனவே அதன் அளவு ஒயர் தாங்கும் அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும். பாட்டரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு புது ஒயரிலும், பாட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும்; தூரத்தில் வைத்தால் இடைப்பட்ட ஒயர் உராய்ந்து சேஸிஸைத் தொடும்போது அதனைக் காக்க எதுவுமில்லை. பியூஸ் போனவுடன் செம்புக் கம்பியை மடித்துச் சொருகுவது தீயை வரவேற்பதற்குச் சமானம். பியூஸ் போவது ஓர் எச்சரிக்கை. காரணத்தைத் தேட வேண்டுமேயன்றி எச்சரிப்பவனின் வாயை அடைக்கலாகாது.

சேர்ப்பு விளக்குகளைப் பழைய சுவிட்சிலேயே முடிந்துவிடுவதும் தவறு. சுவிட்ச் ரிலேயை மாத்திரம் இயக்க வேண்டும்; விளக்குக்குரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாக நேரே செல்ல வேண்டும்.

ஒரு பாட்டரியில் மாத்திரம் 12 வோல்ட் எடுக்கும் தவறு

24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. வானொலிக்கும் சார்ஜருக்கும் அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுப்பது எங்கும் காணப்படும் வழக்கம். ரெகுலேட்டரோ இரண்டின் கூட்டுத்தொகையை மாத்திரமே அறியும். மின்சாரம் எடுக்கப்படும் பாட்டரி 13.2 வோல்ட்டில் நின்றால், மற்றது 15.2 வோல்ட்டுக்கு ஏறும், கூட்டுத்தொகை 28.4 ஆகையால் ரெகுலேட்டருக்குக் குறை தெரியாது. ஒன்று நிறையாமலே கெடும். மற்றொன்று தண்ணீர் கொதித்துக் கெடும். ஒரே நுகத்தில் ஒரு மாட்டுக்குத் தீனி குறைத்து மற்றொன்றுக்கு மிகுதியாகப் போடுவது போன்றதே இது. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துவதே பரிகாரம். அதன் விலை ஒரு ஜோடி பாட்டரியின் விலையில் சிறு பங்கே.

உப்புக் காற்றின் தீமை

கடற்கரையில் ஓடும் வண்டிகளுக்கு உள்நாட்டு வண்டிகளுக்கில்லாத ஒரு பகை உண்டு. தூத்துக்குடி, தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி முதலிய இடங்களின் உப்பளங்களில் உப்பு ஏற்றும் லாரிகளும், மீன் ஏற்றும் லாரிகளும் எப்பொழுதும் உப்பு நீரில் நனைகின்றன. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல் ஒயர் முனைகளிலும் களிம்பு ஏறுகிறது. களிம்பேறிய இணைப்பில் தடை மிகுந்து, தடையினால் உஷ்ணம் மிகுந்து, உஷ்ணத்தினால் இணைப்பு மேலும் தளர்கிறது.

ஆகையால் இக்கரையில் ஈயம் பூசிய செம்பு ஒயர்களை வாங்குவது சிக்கனமே. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதை அடியோடு விட்டு, தகுந்த லக்கை அழுத்துகருவியால் இறுக்கி, சூட்டினால் சுருங்கும் உறையை அதன்மேல் போர்த்த வேண்டும். எர்த்து இணைக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, இறுக்கியபின் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். ஒயர்களைப் புகைக்குழாய்க்கும் கூர்மையான விளிம்புகளுக்கும் விலக்கி, நெளிகுழாயில் செலுத்தி, முழத்திற்கு ஓரிடமாகக் கட்ட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணியின் கீழ்ப்பகுதி முழுதும் வெள்ளத்தில் ஆழ்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். நீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்வது பெரும் பிழை. முதலில் பாட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் சேற்றையும் உப்பையும் போக்கி, ஆல்டர்னேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் பிரித்து உலர்த்தி, இணைப்புகளைச் சுத்தம் செய்த பின்னரே சோதிக்க வேண்டும்.

சட்ட விதிகள்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பல சுரங்களை எழுப்பும் ஹாரன் தடை செய்யப்பட்டது. பதிவு அதிகாரியின் அனுமதியின்றி முன்புறத்தில் தேடுவிளக்கு வைப்பதும் கூடாது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மறுபுறம், 2025 அக்டோபர் முதல் தேதிக்குப்பின் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பழைய வண்டிகளிலும் அவ்வசதியைச் செய்ய விரும்புவோர் மேற்கூறிய கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்தபின் சோதனை

எலக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்குமுன் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. இரவு முழுதும் நின்ற வண்டியில், இஞ்சின் ஓடாதபோது, பாட்டரித் தொகுதி 25.2 வோல்ட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

2. இஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டி எல்லாச் சாதனங்களையும் போட்டபோது, பாட்டரியில் 27.5 வோல்ட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

3. அதே நிலையில் ஆல்டர்னேட்டரின் முனைக்கும் பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள்ளும், ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே கால் வோல்ட்டுக்குள்ளும் இருத்தல் வேண்டும்.

4. அரை மணி ஓட்டியபின் இஞ்சினை நிறுத்தி, இணைப்புகளையும் பியூஸ் பெட்டியையும் புறங்கையால் தொட்டால் பொறுக்கக்கூடிய சூடே இருத்தல் வேண்டும்.

5. பியூஸ்களின் அளவும் ஒயர்களின் போக்கும் ஒரு தாளில் வரையப்பட்டு வண்டியிலேயே இருத்தல் வேண்டும். வழியில் பழுது நேர்ந்தால், முன்பின் அறியாத மெக்கானிக்குக்கும் இது வழிகாட்டும்.

இச்சோதனைகளை மழைக்கு முன்னும், உப்பு ஏற்றும் பருவம் முடிந்த பின்னும் ஆண்டுக்கு இருமுறை செய்து வருவது உசிதம். கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை டிராக்டர்களுக்கும் இதே முறை பொருந்துமாதலால், கிராம உத்தியோகஸ்தர்களும் சங்க நிர்வாகிகளும் அவற்றின் பராமரிப்புப் புத்தகத்தில் இச்சோதனைக்கென ஒரு பக்கம் ஒதுக்கச் செய்வார்களானால் பொதுச் சொத்துக்கு நன்மை உண்டாகும்.

இக்கரையில் 1961-ஆம் வருஷத்துடன் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவரின் உயிர், மேலே தோணியில் ஒருவர் பிடித்திருந்த கயிற்றில் இருந்தது. அக்கயிற்றைச் சோதியாமல் எவரும் இறங்கியதில்லை. இரவெல்லாம் லாரியோட்டும் டிரைவரின் உயிரும், குடியானவரின் ஒரு போகத்து உழைப்பும், கண்ணுக்குத் தெரியாமல் சேஸிஸின் அடியில் ஓடும் ஒயரைச் சார்ந்திருக்கின்றன. அதனைச் சோதிப்பதற்கு ஒரு மணி நேரமும் ஒரு சிறு கருவியுமே தேவை.